செல்ஃப் எடுக்காத காலை: பேட்டரி மாற்றும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கடைக்குப் போன் போட்டால் அரை மணி நேரத்தில் புது பேட்டரியோடு ஆள் வந்துவிடுவார். "பேட்டரி வீக் சார், மாத்திரலாம்" என்பார். மாற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் கோளாறு டெர்மினலிலோ, நெகட்டிவை காரின் பாடியோடு இணைக்கும் எர்த் வயரிலோ, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ இருந்தால், புது பேட்டரியும் சில வாரங்களில் படுத்துவிடும். சில ஆயிரம் ரூபாய் செலவழிப்பதற்கு முன், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி மூன்று முறை அளந்தால் போதும். குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்று அளவுகள்

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பாசிட்டிவில், கறுப்பு முனை நெகட்டிவில். முனையை கேபிளின் கிளாம்பில் வைக்காமல், நடுவில் தெரியும் ஈயக் கட்டையின் தலையிலேயே அழுத்திப் பிடியுங்கள்.

முதல் அளவு, வண்டி ஓய்வில் இருக்கும்போது. இரவு நிறுத்திய வண்டியை காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளப்பது நல்லது. ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் காரணமாக அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். 12.4க்குக் கீழே இருக்கும் பேட்டரியை முதலில் முழுதாக சார்ஜ் செய்த பிறகுதான் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் கிடக்கும் பேட்டரியைச் சோதித்து 'செத்துவிட்டது' என்பது நியாயமில்லை.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும் அந்த ஓரிரு வினாடி. ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. 9.6க்கும் கீழே விழுந்தால் பேட்டரியின் உள்ளே தகடுகள் தளர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்வில் 12.6 காட்டி, செல்ஃப் அடித்ததும் 8க்குப் போகும் பேட்டரிதான் உண்மையில் மாற்ற வேண்டியது.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது. ஐடிலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி, ப்ளோயர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். 13.5க்குக் குறையாமல் நின்றால் ஆல்டர்னேட்டர் நலம். 12.6லேயே கிடந்து மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தொட்டால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, அது பேட்டரியை அவித்துக்கொண்டிருக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள புதிய கார்களில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தேவைக்கேற்ப வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும். அவற்றில் சில நேரம் 12.8 மட்டும் காட்டுவது கோளாறு அல்ல. எல்லா லோடையும் போட்டதும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

மூன்றும் சரி, இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது கேபிள்களை. கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலும், சிவப்பு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ துருவோ தளர்ச்சியோ இருக்கிறது. கியர்பாக்ஸிலோ சேஸிஸிலோ எர்த் வயர் போல்ட் ஆகும் இடத்தைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, மறுபடி இறுக்கினால் பல 'செத்த' பேட்டரிகள் உயிர்த்தெழும். கடலோர ஊர்களில் இந்தத் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

டெர்மினல் பூத்திருந்தால்

டெர்மினலைச் சுற்றி வெள்ளையாக அல்லது நீலப்பச்சையாகப் பொடி கட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கட்டையைச் சுற்றிக் கசியும் அமில ஆவி ஈயத்தோடு சேர்ந்தால் வெள்ளை, கேபிளின் தாமிரத்தோடு சேர்ந்தால் நீலப்பச்சை. அந்தப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது. செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும் இடத்தில் மெல்லிய படலம்கூடப் பெரிய தடைதான்.

வேலையைத் தொடங்கும் முன் மோதிரம், வளையல், உலோகப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும். பக்கத்தில் சிகரெட், தீப்பெட்டி கூடாது.

பெரும்பாலான கார்களில் 10 எம்எம் ஸ்பேனர் போதும். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. காரின் பாடி முழுவதும் நெகட்டிவ்தான். நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனரின் மறுமுனை ஃபெண்டரைத் தொட்டால் முழு ஷார்ட். ஸ்பேனர் அங்கேயே பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் அதே ஸ்பேனர் எதைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, பழைய டூத் பிரஷால் கிளாம்பிலும் கட்டையிலும் தேயுங்கள். நுரை பொங்கும். அது அடங்கும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். சோடா தண்ணீர் செல் மூடிகளுக்குள் ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது, உள்ளே இருக்கும் அமிலத்தையே அது முறித்துவிடும். பிறகு கிளாம்பின் உட்புறத்தையும் கட்டையையும் உப்புத்தாளால் ஈயம் மின்னும் வரை லேசாகத் தேயுங்கள். மாட்டி இறுக்கிய பின், மேலே வாசலைன் பூசுங்கள். கிளாம்பைக் கையால் திருகினால் அசையக் கூடாது. அதற்காகச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டாம், உள்ளே கட்டையின் சீல் விட்டுப்போகும்.

பேட்டரியைத் தாங்கும் கிளாம்பையும் அசைத்துப் பாருங்கள். தட்டில் குதிக்கும் பேட்டரி நம் ஊர் சாலைகளில் அதிக நாள் தாங்காது. அதிர்வில் தகட்டுப் பொருள் உதிர்ந்து அடியில் சேரும்.

நெகட்டிவைக் கழற்றினால் கடிகாரம், கண்ணாடி ஆட்டோ-அப் போன்றவை மறந்துபோகும். ஜன்னலை முழுதாக ஏற்றி சுவிட்சைச் சில வினாடி பிடித்தால் பல கார்களில் சரியாகிவிடும். ஆடியோவுக்குக் கோட் கேட்கும் வண்டி என்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தண்ணீர் விஷயம்

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள், சித்திரை வைகாசியில் இருமுறை. பக்கத்தில் இருக்கும் மேல், கீழ் கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கோடு இல்லாவிட்டால் தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இலவச டிஸ்டில்டு வாட்டர் என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அது காயிலின் தூசியையும் உலோகத் துகளையும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர், வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது.

தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால், தகடு மூழ்கும் வரை மட்டும் ஊற்றி, சார்ஜ் செய்த பிறகு மீதியை நிரப்புங்கள். சார்ஜ் ஆகும்போது மட்டம் உயரும், முன்பே முழுதாக நிரப்பினால் அமிலம் வெளியே வழியும். ஆறு செல்லில் ஒன்று மட்டும் அடிக்கடி வற்றினால் அந்த செல் போய்க்கொண்டிருக்கிறது. ஆறும் சேர்ந்து வேகமாக வற்றினால் பேட்டரியைத் திட்டாதீர்கள், ஆல்டர்னேட்டர் ஓவர்சார்ஜ் செய்கிறதா என்று மூன்றாவது அளவை மறுபடி எடுங்கள்.

அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கிடைத்தால் இன்னும் தெளிவு. முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 1.250க்கு மேல் காட்ட வேண்டும். எண்ணைவிட முக்கியம் செல்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அதைத் தேற்ற முடியாது. மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியின் பச்சைக் கண்ணைப் பார்த்து நிம்மதி அடைபவர்களுக்கு ஒரு செய்தி: அந்தக் கண் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தும் எப்படி இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது.

குளிர் நாடுகளில் பேட்டரி பனிக்காலத்தில் படுக்கும். இங்கே அதைக் கொல்வது வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் ரசாயன அரிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில் தகடுகள் அரிக்கப்படும், தண்ணீர் வற்றும். ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஐப்பசி மழையில் வைப்பர், ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் சேர்ந்து ஓடும்போதுதான் அந்தச் சேதம் வெளியே தெரியும். பல கார்களில் பேட்டரியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் அல்லது துணி உறை வரும். பட்டறையில் அதைக் கழற்றி எங்கோ போட்டுவிடுவார்கள். எஞ்சின் சூட்டைத் தடுக்கத்தான் அது, கேட்டு வாங்கி மாட்டுங்கள்.

நிறுத்தி வைத்தாலே இறங்குகிறதா?

பேட்டரியும் சரி, ஆல்டர்னேட்டரும் சரி, ஆனால் நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தால் வண்டி அசையவில்லை. எங்கோ மின்சாரம் கசிகிறது.

எல்லாக் காரிலும் அலாரம், கடிகாரம், ஈசியூ நினைவகம் இவற்றுக்காகக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. 35 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியை 50 மில்லி ஆம்பியர் பாதியாக்கவே இரண்டு வாரம் ஆகும். அதுவே 24 மணி நேரமும் ஓடும்படி இணைத்த டேஷ்கேம் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர் காலி, மூன்றாம் நாள் பேட்டரி பாதிக்கும் கீழே.

கண்டுபிடிக்கும் வழி இது. டிரைவர் கண்ணாடியை இறக்கி வையுங்கள், வண்டி தானாகப் பூட்டிக்கொண்டால் தவிப்பு வேண்டாம். பானட்டைத் திறந்து, அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி 'மூடியது' போலச் செய்யுங்கள். புஷ் ஸ்டார்ட் சாவி என்றால் வீட்டுக்குள் தூரமாக வையுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கட்டைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். முதலில் ஓரிரு ஆம்பியர் காட்டும், பதற வேண்டாம். கார் 'தூங்க' அரை மணி நேரம், சில வண்டிகளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இடையில் கதவைத் திறந்தாலோ இக்னிஷன் போட்டாலோ மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும், மீட்டரின் ஃப்யூஸும் போகக்கூடும். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது.

கார் தூங்கிய பிறகும் 100, 200 மில்லி ஆம்பியர் என்று நின்றால், ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அந்தப் பாதையில் கோளாறு. ஃப்யூஸைப் பிடுங்காமலும் பார்க்கலாம். ஒவ்வொரு பிளேடு ஃப்யூஸின் தலையிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து இரண்டையும் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அந்தப் பாதையில் மின்சாரம் போகவில்லை. ஏதாவது எண் வந்தால் போகிறது. இந்த முறையில் காரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியதில்லை.

வழக்கமாக மாட்டிக்கொள்பவை: அணையாத டிக்கி விளக்கு, வெளியே போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஜிபிஎஸ் டிராக்கர், ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு பார்க்க ஸ்கேனர் செருகும் இடம்) செருகி மறந்துபோன சாதனம். எந்த ஃப்யூஸைப் பிடுங்கியும் குறையவில்லையா? ஆல்டர்னேட்டரின் பெரிய வயரைக் கழற்றிப் பாருங்கள், மறக்காமல் நெகட்டிவைத் துண்டித்த பிறகு. அதன் டயோடு ஒன்று போனால் இரவெல்லாம் பேட்டரியைக் குடிக்கும்.

மாதக்கணக்கில் எடுக்காத வண்டி என்றால் போர்ட்டிகோவில் பத்து நிமிடம் ஐடிலில் விடுவதால் பெரிய பயன் இல்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தானாக நிற்கும் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்றில், 35 முதல் 45 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 4 ஆம்பியர் அளவில் சார்ஜ் செய்யுங்கள். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் கல்லாக இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது.

ஃப்யூஸ், பல்ப், கூடுதல் ஃபிட்டிங்

ஃப்யூஸ் நிறங்கள் எல்லாக் காரிலும் ஒன்றுதான்: 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. போன ஃப்யூஸுக்கு அதே ஆம்பியரில்தான் மாற்று. ஃப்யூஸ் காப்பது சாதனத்தை அல்ல, வயரை. 15 இருந்த இடத்தில் 30 போட்டால் அடுத்த முறை ஃப்யூஸுக்குப் பதிலாக வயர் உருகும். போட்ட உடனே மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது.

எச்4 ஹாலஜன் பல்பு 60/55 வாட். அந்த இடத்தில் 100/90 போட்டால் ஹை பீமில் மின்னோட்டம் 4.7 ஆம்பியரிலிருந்து 7.8க்கு ஏறும். வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. ஹோல்டர் கருகுவதும் ரிஃப்ளெக்டர் மங்குவதும் இதனால்தான். வெளிச்சம் போதவில்லை என்றால் முதலில் ஹெட்லைட்டில் வந்து சேரும் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட் குறைவாக இருந்தால், பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் ரிலே கிட் போட்டாலே அதே பல்பு பளிச்சென்று எரியும்.

ஹாரன், டேஷ்கேம் எதைப் பொருத்தினாலும் வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றும் வேலையை அனுமதிக்காதீர்கள். பானட் சூட்டில் டேப்பின் பசை இளகி நழுவும். தனி ஃப்யூஸ் உள்ள டேப் ஃப்யூஸ் ஹோல்டர் அல்லது கப்ளர் போடச் சொல்லுங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தொடவே வேண்டாம்.

எலி தொல்லையும் இதில் சேர்த்திதான். பானட்டின் உள் ஸ்பாஞ்ச் கடிபட்டிருக்கிறதா, பேட்டரித் தட்டில் புழுக்கை கிடக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். நாப்தலின் உருண்டை எஞ்சின் சூட்டில் சில நாளில் கரைந்துவிடும். காற்று உள்ளே போகும் வாயில் இரும்பு வலை அடிப்பதும், காருக்குள் தின்பண்டம் விடாமல் இருப்பதும்தான் நிலைக்கும் வழி. கடித்த வயரை சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டே மூட வேண்டும்.

ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டை சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். காலையில் அல்லது மழையில் 'கீச்' என்றால் தளர்ந்திருக்கிறது, அல்லது பளபளத்துவிட்டது. சோப்பு தேய்ப்பது வீண் வேலை. ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் உடனே டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். பல எஞ்சின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. முள் ஏறினால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள், 'பக்கத்துப் பட்டறை வரைக்கும்' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் செலவு வரும்.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுகின்றன. மேடு கிடைக்காவிட்டால், தண்ணீர் வரும் முன்பே நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

தண்ணீர் கதவுக்குள் வந்துவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, இக்னிஷனும் போடக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். ஈரமான ஈசியூவுக்கு மின்சாரம் கொடுத்தால் அதுவும் போகும். போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, டோ செய்யுங்கள். தண்ணீரில் ஸ்டார்ட் செய்ய முயன்று எஞ்சின் போனால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரித்துவிடும், எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் வேண்டும். தரை விரிப்பை முழுதாகக் கழற்றிக் காயவையுங்கள். சீட்டுக்குக் கீழே உள்ள மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்கு உரியது, அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். மற்ற கனெக்டர்களைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடிக்காவிட்டால் ஒரு மாதம் கழித்துப் பச்சை பூத்து, காரணம் தெரியாத கோளாறுகள் ஒவ்வொன்றாக வரும்.

ஜம்ப் ஸ்டார்ட்

சிவப்பு கேபிள் முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவுக்கு, அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவுக்கு. கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவுக்கு, கடைசி முனை உங்கள் எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்துக்கு. கடைசியில் எழும் பொறி பேட்டரிக்கு அருகில் எழக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. புதிய கார்களில் நெகட்டிவ் கிளாம்பிலேயே சென்சார் இருக்கும், அதைத் தவிர்க்கவும் இது உதவும். நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு செல்ஃப் அடியுங்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை. வீங்கிய அல்லது விரிசல் விட்ட பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. மேனுவலிலும் வண்டியின் ஃப்யூயல் பம்புக்கும் ஈசியூவுக்கும் கொஞ்சமாவது மின்சாரம் மிச்சம் இருக்க வேண்டும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

பழைய பேட்டரியின் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். 38பி20எல் என்று இருந்தால், 20 என்பது ஏறக்குறைய சென்டிமீட்டரில் நீளம், பி என்பது அகல உயர வகை, எல் என்பது டெர்மினல் இருக்கும் பக்கம். ஆர் வாங்கி வந்தால் கேபிள் எட்டாது. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள காரில் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் (அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் பேட்டரி வகைகள்) வந்திருந்தால் அதே வகைதான் போட வேண்டும், மலிவு என்று சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். தட்டில் உட்காருமானால் ஆம்பியர் அவர் கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் தவறில்லை.

கடையிலேயே மீட்டர் வைத்து 12.5க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள், அலமாரியில் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததை வாங்காதீர்கள். வாரன்டி '18 + 18 மாதம்' என்று சொன்னால் முதல் பாதியில்தான் இலவச மாற்று, இரண்டாம் பாதியில் விலையில் தள்ளுபடி மட்டும். கார்டில் வண்டி எண்ணும் தேதியும் முத்திரையும் விழுந்த பிறகே பணம் கொடுங்கள். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் அங்கேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு, பில்லில் கழிப்பார்கள். மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, கடைக்காரர் கிளம்புவதற்கு முன்பே மூன்றாவது அளவை ஒருமுறை எடுத்துவிடுங்கள்.